கல்யாண மண்டபத்துக்குப் போன என் வேலை

1

“ஏட்டி, மழ வருது. மாடியில காயப்போட்ட துணிய எடுக்கச் சொல்லி வீட்டுக்குப் போன் போடு.”

ஸ்காட்லாந்தில் டண்டீ என்கிற ஊரில், ஆற்றைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு நான்காவது மாடி அலுவலகத்தில், போன ஜூலையில் ஒரு முற்பகல் என் ஹெட்செட்டுக்குள் கேட்ட குரல் இது. அப்போது நான் கடவுச்சொல்லை மறந்துவிட்ட ஒரு நர்ஸிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கை அப்படியே கீபோர்டு மேல் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இங்கேயும் தூறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது இந்தத் தூறல் இல்லை. மேற்கே மலையிலிருந்து இறங்கி, குற்றாலத்தைத் தாண்டி, எங்கள் ஊர் மேலகரத்து மொட்டை மாடிகளை நனைக்க வந்துகொண்டிருந்த மழை அது.

“ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?” என்றார் நர்ஸ்.

“இருக்கிறேன்” என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

2

ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் யாராவது ஒருத்தர், “உனக்கு அங்கன என்ன வேலடே?” என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று மொட்டையாகச் சொன்னால் நான் ராக்கெட் விடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டின் வடக்குப் பகுதி முழுவதும் முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு கம்பெனி. எந்தப் பெரியவருக்கு எந்த மாத்திரை, எந்த நேரத்துக்கு என்பதெல்லாம் அங்கே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் திறக்கவில்லை, பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டது, கடவுச்சொல் மறந்துபோயிற்று என்றால் நர்ஸுகள் ஒரு நம்பருக்குப் போன் போடுவார்கள். அந்தப் போனை எடுக்கிற சின்னக் கூட்டத்தில் நான் ஒருவன். ஹெல்ப்டெஸ்க் என்று பெயர்.

படித்தவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியலாம். எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பா மாந்தோப்புக் காவல். அக்கா எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட கையோடு பீடித்தட்டைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்துக் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான். கடலுக்கு நடுவே பெயர்கூட வாயில் நுழையாத ஒரு தீவில், தொண்ணூறு வயதுப் பாட்டனார் ஒருவருக்குச் சாயங்கால மாத்திரை நேரத்துக்குப் போகிறது. அதில் மேலகரத்துப் பையன் ஒருவனின் விரலும் கொஞ்சம் இருக்கிறது. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இன்னும் அது குறையவில்லை.

தொடக்கத்தில் நான் செய்த கூத்துகள் தனி. இங்கே ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஐ’ என்கிறார்கள். நான் வந்த முதல் வாரம் ஒரு நர்ஸிடம், “அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “ஐ!” என்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மிட்டாயைக் கண்டால் சொல்வது போலவே இருந்தது. சரி, கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துவிட்டது, அதுதான் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பெயரையும் மாற்றிக்கொண்டேன். இசக்கிமுத்து என்று எழுத்தெழுத்தாகப் போனில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மாத்திரை நேரமே கடந்துவிடும். அதனால் திரையில் தெரியும் பெயரை ஐசக் என்று நானே சுருக்கிக்கொண்டேன்.

விசாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை விசாவில் ஐந்து வருடம் முடிந்தால் இங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். எனக்கு அடுத்த மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வேலை போனால் விசாவும் அதன் பின்னாலேயே போகும். கிடைக்கிற இரண்டு மாதத்துக்குள், விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறொரு கம்பெனியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த விசாவும் இப்போது கையில் பிடித்துப் பார்க்கிற பொருளாக இல்லை. ஓர் இணையதளத்தில் இருக்கிறது. அதைத் திறக்க ஒரு கடவுச்சொல். அது திறக்காவிட்டால் கூப்பிட ஒரு ஹெல்ப்டெஸ்க். அங்கே காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்.

3

போன மே மாதம் எங்களை ஓர் அறையில் கூட்டி, ஹெல்ப்டெஸ்க் மொத்தமும் இந்தியாவுக்குப் போகிறது என்று சொன்னார்கள். வேலையை வேறொரு கம்பெனிக்குக் குத்தகை விட்டாயிற்று. இனி அங்கிருந்து போனை எடுப்பார்கள்.

அறையில் இருந்தவர்கள் என் பக்கம் பார்க்காமல் இருப்பதற்குப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுவரைப் பார்த்தார்கள், காப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். எங்கள் குழுவின் தலைவி மோராக் மட்டும்தான் நேராக என்னிடம் வந்தார். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கிற அம்மாள். இந்த டெஸ்க் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். “ஐசக், இதில் உன் தப்பு எதுவும் இல்லை. யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் வந்து சொல்” என்றார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

வேலையை மாற்றிக் கொடுக்கிற முறை இது. முதலில் நாங்கள் போன் எடுப்போம். புது ஆட்கள் அங்கிருந்து ஒட்டுக்கேட்பார்கள். பிறகு அவர்கள் எடுப்பார்கள். நாங்கள் இங்கிருந்து ஒட்டுக்கேட்போம். இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனி லைன் உண்டு, நர்ஸுக்கு அது கேட்காது. கடைசியில் எங்களில் ஒவ்வொருவரும், தனக்குக் கொடுக்கப்பட்ட ஆள் ‘தயார்’ அல்லது ‘இன்னும் தயாரில்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு அறையில் மோராக் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் சொன்னார்: “ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். நம்மில் பாதிப் பேர் ‘தயாரில்லை’ என்று போட்டால் போதும், அடுத்த கோடை வரைக்கும் டெஸ்க் இங்கேயே இருக்கும். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.”

எனக்கு இருந்தது மார்ச். அடுத்த கோடை என்பது மார்ச்சுக்கு அந்தப் பக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

4

இந்தியாவில் எந்த ஊர் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. பெங்களூரு, ஹைதராபாத், மிஞ்சிப்போனால் சென்னை என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்தையும் வீடியோவில் அறிமுகம் செய்துவைத்த அன்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். இந்தியாவின் அடிமுனைக்குப் பக்கத்தில், மலையோரமாக ஒரு சிவப்புப் புள்ளி. மோராக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “டென்… காஸி” என்று வாசித்தார்.

தென்காசி! எங்கள் மேலகரத்துக்குப் பக்கத்து டவுன்.

அடுத்து அவர்கள் அலுவலகத்தைக் காட்டினார்கள். வரிசை வரிசையாக மேசை, கண்ணாடித் தடுப்பு, குளிர்சாதனம். யாரோ கேமராவைச் சுற்றிக் காட்டியபோது பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு நீளமான தொட்டியும் அதன்மேல் குழாய்களும் தெரிந்தன. எனக்கு அந்தக் குழாய்களைத் தெரியும். குற்றாலம் ரோட்டில் இருந்த கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம் அது! கல்லூரி விடுமுறைகளில் அங்கே நான் சாம்பார் வாளி தூக்கியிருக்கிறேன். கை கழுவுகிற அந்த வரிசையில்தான் எங்களுக்கு மிச்சச் சாப்பாடு போடுவார்கள். மணப்பெண் அறையில் இப்போது சர்வர் கம்ப்யூட்டர்கள் நிற்கின்றனவாம். மேடை அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில் அவர்களுடைய டீம் லீடர் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜிகினா ஒட்டிய தடம்கூடப் போகவில்லை.

நான் ஏழு கடல் தாண்டித் தேடி வந்த வேலை, என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்துக்குப் போய் நின்றுகொண்டிருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பெரிய அருவிக்குக் கீழே முதன்முதலாக நிற்கிற சின்னப் பிள்ளை மாதிரி, அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன்.

என் கேமரா அணைந்திருந்தது. பெயர் ஐசக். லைனில் பேச்செல்லாம் பதிவாகும், ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி. நான் யார் என்று சொல்ல அந்த முதல் நாளில் வாய்ப்பில்லை. அதற்குள் அவர்கள், ஸ்காட்லாந்துக்காரனுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், தனி லைனில் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்டவள் பேச்சியம்மாள். தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூர்க்காரி. பக்கத்து நாற்காலியில் செல்வம் என்று ஒரு பையன். மழை வருகிறது, துணியை எடுக்கச் சொல் என்றவன் அவன்தான்.

“ஏல செல்வம், இந்த ஐசக்கு ஏன் மூக்கால பேசுதான்?”

“வெள்ளக்காரன் அப்படித்தான் பேசுவான். குளுருல மூக்கு அடைச்சிருக்கும்.”

“எங்க கணக்கு வாத்தியார் மாதிரி எல்லாத்தையும் ரெண்டு மட்டம் திருப்பித் திருப்பிச் சொல்லுதான்.”

“சொல்லட்டுமே. அவம் வேலையப் புடுங்கிக்கிட்டு வாரோம். அவம் ரெண்டு மட்டம் சொன்னாத்தான் என்ன, குறைஞ்சா போவ?”

பேச்சி குரலை இறக்கினாள். “பாவமாத்தாம்ல இருக்கு. இவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்.”

“நீ ஒண்ணு. இது சரியா ஓடலன்னா நம்மள மெட்ராசு ஆபீசுக்கு மாத்துவான்னு நெனச்சியா? வீட்டுக்கு அனுப்புவான். நாளைக்கு நம்மட்ட இருந்தும் வேற எங்கனயாவது போவும். அப்ப நாம எவனுக்காச்சும் மூக்கால சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்போம்.”

“எவனுக்கா? மெஷினுக்குல்லா சொல்லிக் குடுக்கணும்!”

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஐசக்காகவே இருமினேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது. நான் ‘தயாரில்லை’ என்று போட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. ‘தயார்’ என்று போட்டால் எனக்கு மார்ச் இல்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ போட்டேன். மடியில் தட்டோடு பீடி சுற்றியபடியே பேசினாள். கையைப் பார்க்க மாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் மதுரைக்காரர். அவருடைய சின்ன மகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அந்த ஆச்சி இலையில் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் கேட்கச் சொன்னேன். கேள்வியையே வேண்டாமென்று விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் வேண்டியிருந்தது வேறு.

“இலத்தூர்ல யாரு மவளாம்?”

“எம்மா, அதா இப்ப முக்கியம்?”

“கேட்டுக்கிடுதேன்லே. நல்ல புள்ளையா?”

“நல்லாத்தான் வேல பாக்கா. அவ என் வேலையத்தான் பாக்கப் போறா.”

“அப்ப நீ அங்கன என்ன செய்வ?”

வேறு வேலை தேட வேண்டும் என்றேன். அம்மா இலையைக் கத்தரித்தபடி, “எங்களுக்கும் இப்படித்தான எய்யா. கடக்காரன் இன்னைக்கு இந்தத் தெருவுல இலையும் தூளும் குடுப்பான். நாளைக்கு அந்த ஊருல கொறஞ்ச கூலிக்குச் சுத்துதாவன்னு அங்கன கொண்டு போயிருவான். நாங்க அந்த ஊருக்காரிய கூடவா போயிச் சண்ட போட்டோம்?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சண்ட போட்டா என்னன்னு தோணத்தான் செஞ்சிச்சு. பஸ்ஸுக்குக் காசு இல்ல” என்றாள்.

பின்னாலிருந்து அப்பா சிரிப்பது கேட்டது.

6

ஆகஸ்ட் கடைசியில் பேச்சி தனியாகப் போன் எடுக்கிற நாள் வந்தது. அன்று மாலைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். குழுத் தலைவி என்ற முறையில் மோராக்கும் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இங்கே பிற்பகல். வடக்கே ஒரு தீவில் உள்ள இல்லத்திலிருந்து ஷீனா என்ற நர்ஸ் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டார். மருந்து அறையில் எந்தக் கம்ப்யூட்டரிலும் மருந்துப் பட்டியல் திறக்கவில்லை. மாத்திரை கொடுக்கிற நேரம் நெருங்குகிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கிறார்கள், இதயநோய்க்காரர்கள் இருக்கிறார்கள். குரலில் நடுக்கம் இருந்தது.

பேச்சி வாயைத் திறப்பதற்குள் தென்காசியில் கரண்டு போய்விட்டது. மண்டபம் முழுக்க “ஓ…” என்று ஒரு சத்தம் எழுந்தது. பந்தி நடுவில் விளக்கு அணைந்தால் எழுமே, அதே சத்தம். மோராக் திடுக்கிட்டு ஹெட்செட்டைக் கழற்றப் போனார். பேட்டரியில் அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருட்டில் திரை வெளிச்சம் முகத்தில் விழ அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனை செய்ய முடிந்தது.

நானாக இருந்தால் அடுத்து என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வயரைப் பாருங்கள், நெட் பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்று ஆரம்பித்திருப்பேன். நாங்கள் எழுதிக் கொடுத்த வரிசையும் அதுதான். அந்தப் பெட்டி மறுபடி உயிர் பெறுவதற்குள் மாத்திரை நேரம் போயிருக்கும்.

“சிஸ்டர்,” என்றாள் பேச்சி. நம் ஊரில் நர்ஸை வேறெப்படிக் கூப்பிடுவது? “உங்கள் கட்டடத்தில் மின்சாரம் இருக்கிறதா?”

“இருக்கிறது. எல்லா விளக்கும் எரிகிறதே.”

மோராக் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இந்த நாட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானும் வந்த புதிதில் கேட்டு, சிரித்தார்கள் என்று விட்டுவிட்டவன்தான்.

“ஜெனரேட்டர் இருக்கிறதா?”

“இருக்கிறது. தானாகவே ஓடும்.”

“கொஞ்சம் ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள், சிஸ்டர். எதிரே கடை ஏதாவது இருக்கிறதா? அங்கே விளக்கு எரிகிறதா?”

காலடிச் சத்தம் கேட்டது. ஷீனா திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. “இல்லை. மீன் கடை இருட்டாக இருக்கிறது. கடைக்காரர் வெளியே வந்து நிற்கிறார். பக்கத்து வீட்டு அம்மாளும் நிற்கிறார்.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கரண்டு போனால் வெளியே வந்து, நமக்கு மட்டும்தானா, தெருவுக்கேவா என்று பார்த்துக்கொண்டு நிற்பது உலகத்தின் வட மூலையிலும் அப்படியேதான் இருக்கிறது.

“அப்படியென்றால் ஊருக்கே மின்சாரம் இல்லை” என்றாள் பேச்சி. “தெருவில் இருக்கிற நெட் லைனும் அதனால் போய்விட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. எதையும் அணைக்காதீர்கள். மேலாளர் அறையில் நீல ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப் இருக்கும். இன்று காலை வரைக்குமான மருந்துப் பட்டியல் அதில் இருக்கிறது. நெட் இல்லாமலே திறக்கும். அதை எடுத்து வாருங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்.”

அந்த லேப்டாப்பைப் பற்றி நான் அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை சொல்லாத ஒன்றே ஒன்று.

ஷீனா எடுத்து வந்தார். பேச்சி படிப்படியாகச் சொல்லச் சொல்லப் பட்டியல் திறந்தது. கொடுத்த மாத்திரைகளைப் பேனாவால் குறித்து வைக்கச் சொன்னாள். லைன் வந்ததும் தானே கூப்பிட்டு, இருவருமாகச் சேர்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்றாள். வைக்கும்போது அந்த நர்ஸ், “நீ எங்கே இருக்கிறாய், பெண்ணே?” என்று கேட்டார். “மலைக்குப் பக்கத்தில்” என்றாள் பேச்சி.

மோராக் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இத்தனை வருடத்தில் இந்த டெஸ்க்கில் ஒருத்தரும் ஜன்னலைப் பார்க்கச் சொன்னதில்லை” என்றார்.

7

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் ‘தயாரில்லை’ என்ற கட்டத்தைத்தான் தொட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அன்று என்னால் முடியவில்லை. ஷீனாவின் நடுக்கம் காதிலேயே இருந்தது. அடுத்த தடவை அவர் கூப்பிடும்போது யார் எடுக்க வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் சந்தேகமில்லை.

‘தயார்’ என்று போட்டேன்.

“என்ன போட்டாய்?” என்றார் மோராக். சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். “நானும் என் ஆளுக்கு அதைத்தான் போடப் போகிறேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன்” என்றார். சொன்னபடி திட்டிக்கொண்டே போட்டார். அதில் பாதி வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை.

அதற்குமேல் அந்த ஆங்கில ஐசக்காக இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. தனி லைனைத் திறந்து கூப்பிட்டேன்.

“பேச்சி, நாந்தான். தயார்னு போட்டுட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாக, “ஏல செல்வம்… ஐசக்கு தமிழ் பேசுதான்” என்று கேட்டது.

“ஐசக் இல்ல. இசக்கிமுத்து. மேலகரம். நீங்க உக்காந்திருக்க இடத்துலதான் நான் சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன்.”

“எம்மாடி!” நாற்காலி நகர்கிற சத்தம். “அண்ணே! அப்ப நாங்க பேசினது எல்லாம்…”

“கேட்டுச்சு.”

“மூக்கால…?”

“அதுவும் கேட்டுச்சு.”

செல்வம் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ன ஆளு அண்ணே நீங்க! இவ்வளவு நாளும் வாய மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீய. ஐயோ, இதெல்லாம் ரெக்கார்டு வேற ஆவுதே!”

“பயப்படாதீங்க. அதக் கேட்டா புரியுத ஒரே ஆளு இங்கன நாந்தான்.”

அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. “எங்களுக்குத் தயார்னு போட்டுட்டீய. நீங்க அங்கன என்ன அண்ணே செய்வீய?”

“தேடணும். ரெண்டு மாசம் இருக்கு.”

செல்வம்தான் குறுக்கே வந்தான். “இங்கனயும் ஆள் எடுக்காவ அண்ணாச்சி. லீடர்ட்ட சொல்லவா? ஆனா ஒண்ணு, ட்ரெயினிங்ல பேச்சிக்குக் கீழதான் இருக்கணும். அவ மூணு மட்டம் சொல்லுவா.”

மூவரும் சிரித்தோம். மேடையில் இருந்த டீம் லீடர் என்ன சத்தம் என்று கேட்கிற குரலோடு லைன் அணைந்தது.

8

‘தயாரில்லை’ என்று போட்டவர்கள் பாதியை எட்டவில்லை. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்கு எங்கள் கணக்குகள் மூடப்படும் என்று சொல்லியிருந்தார்கள். யாரோ நேரத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் போலும், நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. புதிதாக வேலை தேட, விசா விஷயத்துக்கு, எல்லாவற்றுக்கும் வேண்டிய வேலைச் சான்றிதழ் என் மின்னஞ்சலுக்குள் இருந்தது. மற்றவர்கள் விடைபெற வெளியே போயிருந்தார்கள். மோராக் மேலே கூட்டத்தில் இருந்தார்.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருடமாக நான் எடுத்த அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன்.

மணி அடித்தது. கூப்பிடுகிறவர் பக்கத்திலிருந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. மாத்திரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நர்ஸுகளெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாராவது எடுக்க மாட்டார்களா என்று மணியை எண்ணிக்கொண்டிருப்பதும் எனக்குப் புதிதாக இருந்தது.

“ஹெல்ப்டெஸ்க். நான் பேச்சி. உங்கள் பெயர்?”

சொன்னேன். மூச்சை இழுப்பது கேட்டது. ஆனால் ஆங்கிலத்தை விட்டு அவள் இறங்கவில்லை. பணியாளர் எண் கேட்டாள். மேலாளர் பெயர் கேட்டாள். எந்தக் கட்டடம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். விசைகள் தட்டுகிற சத்தம்.

“மன்னிக்கவும். உங்கள் கணக்கு மூடப்பட்டிருக்கிறது. வேலையிலிருந்து விலகியவர்களின் கணக்கைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.” அதற்கப்புறம் மெல்லிய குரலில், “தொறக்க மாட்டேன் அண்ணே. யாரா இருந்தாலும் மாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன்.

“மோராக் மேடத்துக்கு அவசரம்னு எழுதி அனுப்பிட்டேன். அவங்க உங்க சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கதுக்கு அனுமதி இருக்கு. அவங்க பார்த்துட்டாங்களான்னு இப்பவே பார்க்கேன். லைன்ல இருங்க.”

இருந்தேன். பாட்டுப் போடவில்லை. அவள் மூச்சும், அதற்குப் பின்னால் மண்டபத்தில் பல குரல்கள் ஆங்கிலத்தில் யார் யாருக்கோ நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் கேட்டன. ஓர் ஊரே விழித்து உட்கார்ந்து, கண் காணாத கிழவர்களையும் கிழவிகளையும் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. அதற்குள் என் கைபேசி அதிர்ந்தது. சான்றிதழ் வந்துவிட்டது.

“வந்துருச்சும்மா” என்றேன்.

“நல்லது.” குரல் மறுபடி நிமிர்ந்து ஆங்கிலத்துக்குப் போனது. “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

ஒவ்வொரு போனையும் வைப்பதற்கு முன் நாங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி அது. எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வருவதற்குள் அடுத்த போனைப் பார்த்தபடியே. என்னிடம் யாரும் கேட்டதில்லை. வேலை, விசா, அம்மா, மார்ச் என்று எல்லாமும் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்துவிட்டன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. லைனில் காத்திருந்தாள்.